எதிர்ச்சுவர் எருமை

கோவையில் ஓர் ஓவியக்கூடம் இருந்தது. அதை நடத்தியவர் மங்கையர்க்கரசி என்ற ஓவியர். நாற்பது வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேயே வகுப்பும் எடுப்பார்.

அவருடைய சீடர் தெய்வசிகாமணி குருவைவிட ரொம்பவே மூத்தவர். கல்யாண மண்டபத்து மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றபின் படம் வரையும் ஆசையில் வந்து சேர்ந்தவர். எதை வரைந்தாலும் கடைசியில் அது பந்தி இலை மாதிரியே வந்து நிற்கும்.

ஓவியக்கூடத்துக்கு ஆள் வருவதில்லை. மழை பெய்தால் ஒதுங்குவார்கள். மழை விட்டதும் போய்விடுவார்கள். கட்டடம் ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தம். தீபாவளிக்குள் கூட்டம் சேராவிட்டால் சோபா கடைக்கு விட்டுவிடுவோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

சிகாமணி குருவிடம் போனார்.

"டீச்சர், கூட்டத்தை என்கிட்ட விடுங்க."

"என்ன பண்ணுவீங்ண்ணா?"

"மண்டபத்துக்கு என்ன பண்ணுனனோ அதேதானுங்க."

மங்கையர்க்கரசி கொஞ்சம் யோசித்தார். "பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுத் தூரிகை கழுவப் போனார்.

சிகாமணி பண்ணினார். வாசலில் பன்னீர் தெளித்துக் கல்கண்டு கொடுக்க ஆள் போட்டார். பின்கட்டில் ஒரு கேன்டீன் திறந்தார். கீரை போண்டாவின் வாசம் தெருமுனை வரை போயிற்று. சுவரில் இருந்த படங்களெல்லாம் காபிக் கோப்பையிலும் குடையிலும் தலையணை உறையிலும் அச்சாகி விற்பனைக்கு வந்தன. குழந்தைகளுக்குக் களிமண் வகுப்பு, பெண்களுக்குப் பானை ஓவியம். கல்லூரிப் பிள்ளைகளை அவரே சுற்றிக் காட்டினார்.

"இந்தப் பக்கம் குடிதண்ணி. அந்தப் பக்கம் கை கழுவுற இடம். நடுவுல படங்க. எல்லாரும் சாப்பிட்டுத்தான் போகோணும்."

கல்யாணம் நிச்சயமான ஜோடிகள் போட்டோ எடுக்கவும் இடம் கொடுத்தார். மங்கையர்க்கரசி வரைந்த எருமைப் படத்தின் முன்னால் நிற்கத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆள் உயரப் படம். அதில் ஒற்றை எருமை, முன்னங்கால் இரண்டையும் மடக்கி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தது.

கூட்டம் அலைமோதியது. அறக்கட்டளைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். போண்டா சாப்பிட்டார்கள். சோபா பேச்சையே எடுக்காமல் போனார்கள்.

ஆனாலும் சிகாமணியின் முகத்தில் களை இல்லை. ஒருநாள் கூடம் மூடும் நேரத்தில் குருவிடம் வந்தார்.

"ஆளுக வர்றாங்க டீச்சர். படத்தை ஒருத்தரும் பார்க்கிறதில்லீங்க."

"எப்படித் தெரியும்?"

"நேத்து ஒரு அம்மா எருமை போட்ட தலையணை உறை வாங்குனாங்க. இந்த டிசைனை எங்க பிடிச்சீங்கன்னு என்னைக் கேக்கறாங்க. படம் அவங்க முதுகுக்குப் பின்னாடியே தொங்குதுங்க."

"போட்டோ எடுக்கிறவங்க?"

"அவங்களும் படத்துக்கு முதுகைக் காட்டிட்டுத்தானுங்க நிக்கிறாங்க."

"நீங்க பார்த்தீங்களாண்ணா?"

"எனக்கெங்கீங்க டீச்சர் நேரம்?"

மங்கையர்க்கரசி எழுந்தார். "ஒரு கை பிடிங்க" என்றார்.

இருவருமாக எருமையைக் கழற்றி எதிர்ச்சுவரில் மாட்டினார்கள். பழைய இடத்தில் வெள்ளைச் சுவர் மட்டும் நின்றது. சிகாமணிக்கு ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் காலை ஒரு ஜோடி வந்தது. கூட வந்த போட்டோகிராபர் வெள்ளைச் சுவரைப் பார்த்துத் திகைத்தார்.

"எருமை எங்கண்ணா?"

"உங்களுக்குப் பின்னாடி" என்றார் சிகாமணி.

"எனக்குப் பின்னாடி இருந்து என்ன பிரயோஜனம்? இவங்களுக்குப் பின்னாடியல்லவா வேணும்!"

"டீச்சர் சொல்லிட்டாங்க. இன்னைக்கு வெள்ளைச் சுவர்தான்."

போட்டோகிராபர் முனகிக்கொண்டே கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினார். "இங்க பாருங்க. சிரிங்க."

மாப்பிள்ளை சிரித்தான். பெண் சிரிக்கவில்லை.

"மேடம், கேமராவைப் பாருங்க."

"அது எந்திரிக்கப் போகுதா, படுக்கப் போகுதா?" என்றாள் பெண்.

"எது மேடம்?"

"எருமை."

மாப்பிள்ளையும் பார்த்தான். "படுக்குது. முன்னங்கால் மடங்கியிருக்குதுல்ல?"

"எந்திரிக்கும்போதும் முன்னங்கால் மடங்கித்தான் இருக்கும். எங்க வீட்டுல எருமை இருக்குது."

"கண்ணைப் பாரு. தூக்கம்."

"அது தூக்கமா? கோபம்."

சத்தம் கேட்டுக் கேன்டீனிலிருந்து ஆட்கள் கையில் போண்டாவோடு வந்தார்கள். வந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். போட்டோகிராபர் மட்டும் படத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. எடுத்த போட்டோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒன்றில்கூட மணமக்களின் கண் அவரைப் பார்க்கவில்லை. எல்லாவற்றிலும் அவர் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று மூட்டை கட்டிக்கொண்டு போனார்.

அன்று இரவு சிகாமணி சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் கதவு திறந்ததும் அதே பெண் வந்தாள். இந்த முறை தன் அப்பாவை அழைத்து வந்திருந்தாள். காலமெல்லாம் எருமை வளர்த்தவர். அவர் படத்தை ஏற இறங்கப் பார்த்தார். கிட்டப் போனார். தள்ளி வந்தார்.

"வரைஞ்சவங்களைக் கூப்பிடுங்க" என்றார்.

மங்கையர்க்கரசி வந்தார்.

"ஏனுங்கம்மா, இது எந்திரிக்குதுங்களா, படுக்குதுங்களா?"

"நான் பார்த்தப்ப அது யோசிச்சுக்கிட்டு இருந்துச்சுங்க."

பெரியவர் தலையாட்டினார். "அப்படித்தான் இருக்கும். சரி, முடிவு பண்ணட்டும்." ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டார்.

மகள் வேலைக்குப் போனாள். அவர் போகவில்லை. வந்தவர்கள் அவர் எதைப் பார்க்கிறார் என்று நின்றார்கள். நின்றவர்கள் நகரவில்லை. மத்தியானத்துக்குள் அங்கே ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரும் சத்தமாகப் பேசவில்லை. சிகாமணியும் போய் நின்றார். ரொம்ப நேரம் கழித்துத்தான் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

நேராகக் குருவிடம் வந்தார்.

"தப்புப் பண்ணிட்டனுங்க டீச்சர். போண்டா, குடை, தலையணை, பன்னீர் எல்லாத்தையும் இன்னைக்கே நிறுத்திடறேன்."

"எதுக்குங்ண்ணா?"

"படம் பார்க்கிற இடத்துல இதெல்லாம் எதுக்குங்க?"

மங்கையர்க்கரசி கூடத்தை எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பெரியவர் காலையில இருந்து உக்காந்திருக்காருண்ணா. பசிக்கும். ரெண்டு போண்டா சூடா கொண்டுபோய்க் குடுங்க."