இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே

யூரி கைகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். பாதி பயம், பாதி குளிர். அம்மா பின்னித் தந்த முரட்டுக் கம்பளிச் சட்டையை அவன் போடமாட்டான். பட்டிக்காட்டான் என்று வியன்னா நகரத்தார் சிரிப்பார்களாம். சட்டை ஆய்வுக்கூட அலமாரிக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது.

காற்று எவ்வளவு சூட்டைக் கடத்துகிறது என்று அளந்து காட்டுகிறேன் என வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தான். பெரிய பெரிய ஆட்களே கைவிட்ட வேலை. சனிக்கிழமைக்குள் முடியாவிட்டால் ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு இடமில்லை. ஸ்லோவேனிய மலைக்கிராமத்தில், அப்பா வேலை செய்யும் மாவு மில்லில் மூட்டை தூக்க வேண்டியதுதான்.

ஒரு செம்புப் பாத்திரத்துக்குள் இன்னொரு செம்புப் பாத்திரம், நடுவே காற்று, சுற்றிலும் பனிக்கட்டி. உள்பாத்திரம் ஆறும் வேகத்தைப் பார்த்தால் கணக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விடை. காற்று போதவில்லை போலும் என்று நடு இடைவெளியை அகலமாக்கினான். விடை இன்னும் தாறுமாறாகப் போனது.

ஆசிரியர் வித்மாரிடம் போய் நின்றான். அவரும் அந்த மலைப்பக்கத்துக்காரர். அவனைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர்.

"ஐயா, காற்றை அளக்க முடியுமா, முடியாதா?"

வித்மார் எழுந்து சன்னலருகே போனார். குளிருக்காக அங்கே எல்லாமே இரட்டைச் சன்னல்கள். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு சாண் இடம். உள்கண்ணாடியைத் திறந்து ஒரு வாய் புகையிலைப் புகையை ஊதிவிட்டுச் சட்டென்று மூடினார்.

"பார்."

புகை அறைப்பக்கக் கண்ணாடியை ஒட்டி மேலே ஏறியது. தெருப்பக்கக் கண்ணாடியை ஒட்டிக் கீழே இறங்கியது. திரும்பவும் ஏறியது.

"சுற்றுகிறது," என்றான் யூரி.

"எதைத் தூக்கிக்கொண்டு?"

"சூட்டை." சொன்னதும் அவனுக்குப் பொறி தட்டியது. "ஐயா, நான் அளந்தது காற்றின் ஓட்டத்தை. போதாததற்கு, ஓட இடமும் விட்டுக்கொண்டே போனேன்."

நன்றி சொல்லக்கூட நிற்காமல் செம்புக்கொல்லனிடம் ஓடினான். இரண்டு பாத்திரங்களுக்கும் நடுவே கோதுமைமணி நுழையாத இடைவெளி போதும் என்றான்.

"இதற்குள் என்னய்யா இருக்கும்?"

"காற்று இருக்கும். அசைய முடியாமல் இருக்கும்."

சனிக்கிழமை காலை அளந்தான். மறுபடி அளந்தான். அதே விடை. மூன்றாவது முறையும் அதே விடை வந்தது. இரண்டிரண்டு படியாகத் தாவிப் போய் ஆசிரியரை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து வந்தான்.

வித்மார் விடையைப் பார்த்தார். "உன் இடம் உனக்குத்தான்," என்றார்.

யூரிக்குத் தலைகால் புரியவில்லை. சிரித்தான், கண்ணைத் துடைத்தான், மறுபடி விடையைப் பார்த்தான்.

"ஆனால் எவ்வளவு சின்ன எண், ஐயா. செம்பு கடத்தும் சூட்டோடு வைத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. என்னடா கண்டுபிடித்தாய் என்று அம்மா கேட்டால் என்ன சொல்வேன்?"

வித்மார் அலமாரிக்குப் பின்னால் கைவிட்டுக் கம்பளிச் சட்டையை உருவினார். தூசியைத் தட்டினார்.

"இந்த இழைகளுக்கு நடுவே அடைபட்டிருப்பதும் காற்றுதான். அந்தச் சின்ன எண் கொஞ்சம் பெரிதாக இருந்திருந்தால், உங்கள் ஊர்ப் பனியில் நீ தொட்டிலையே தாண்டியிருக்க மாட்டாய். போட்டுக்கொள்."