பூசாத முழம்

இக்கதையைச் சொல்வோர் ஊரின் பெயரில் வேறுபடுகிறார்கள். சுவரைப் பற்றி வேறுபடுவதில்லை.

யூதர்களுக்குத் தனி நாடு அமைந்த ஆண்டின் மழைக்காலம். ஐரோப்பிய வதைமுகாமில் உயிர் தப்பிய லெமலுக்கு, இங்கே நடந்த சண்டையில் ஓடிப்போன ஓர் அரபுக் குடும்பத்தின் வீடு ஒதுக்கப்பட்டிருந்தது. எல்லாச் சுவருக்கும் சுண்ணாம்பு பூசியவன், வாயிலுக்கு எதிரே ஒரு முழத்தை மட்டும் பழையபடியே விட்டிருந்தான். முற்காலத்தில் தங்கள் கோயில் இடிந்ததை மறவாதிருக்க யூதர்கள் கைக்கொள்ளும் வழக்கம் அது.

குரு ரப்பி ஃபைவலை அழைத்துவந்து காட்டினான்.

"ரப்பி, நாடற்றிருந்தவரை அந்த முழம் நியாயம். இப்போதுதான் நாடு வந்துவிட்டதே. பூசிவிடலாமா?"

"இரண்டாயிரம் ஆண்டு பொறுத்த முழம். மற்ற சுவரே இன்னும் காயவில்லை. அதற்குள் என்ன அவசரம்?"

லெமல் தரையைப் பார்த்தான். "க்ரோனியா உறங்குவதில்லை."

"அப்படிச் சொல். மனைவிக்குப் பயந்து சட்டம் கேட்கிறாய்."

ரப்பி குனிந்தார். அந்த முழத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகக் கரிக்கோடுகள். ஒவ்வொன்றின் அருகிலும் அரபு எழுத்தில் ஒரே பெயர். கடைசிக் கோடு அவர் இடுப்பளவு இருந்தது.

"நன்றாக வளர்ந்திருக்கிறது, குழந்தை."

"துரத்தியது நான் அல்ல, ரப்பி. சாவி கொடுத்தார்கள், வந்தேன். நாம் வேறெங்கே போவது?"

"எங்கும் இல்லை," என்றார் ரப்பி.

கடைசிக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"உலகப் போர் முடிந்ததும் நீ பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போனாயே. முதலில் எதைத் தேடினாய்?"

"நிலைக்காலை. அப்பா அதில் வேத வாசகச் சிமிழ் ஒன்றைப் பதித்திருந்தார். அதன் தடத்தை."

"இருந்ததா?"

"வர்ணம் அடித்து மறைத்திருந்தார்கள்."

"யார்? கொலைகாரர்களா?"

"இல்லை. குண்டுவீச்சில் வீடிழந்தவர்கள். ஒரு பெண் கதவைத் திறந்தாள், இடுப்பில் கைக்குழந்தை. ஏன் மறைத்தாய் என்று கேட்டேன்."

"என்ன சொன்னாள்?"

லெமல் சுவரை விட்டுத் திரும்பி நின்றான்.

"அதைப் பார்த்தால் உறக்கம் வருவதில்லை என்றாள்."

ரப்பி சுண்ணாம்பு வாளியை எடுத்துவந்து அவன் காலருகே வைத்தார். தூரிகையை நனைத்து அவன் கையில் கொடுத்தார்.

"சரி, லெமல். பூசு."