செம்போத்தின் கண் சிவந்த கதை

அந்தக் காலத்தில் பறவைக்கும் மனிதருக்கும் பேச்சு ஒன்றாக இருந்தது. செம்போத்தும் மற்றப் பறவைகளைப் போலக் கூரைமேல் உட்கார்ந்து கணீரென்று பேசும்.

ஓர் ஐப்பசி மழையில் ஏரி உடைந்தது. காத்தாயி என்ற எட்டு வயதுப் பெண் புளியங்கிளை ஒன்றைப் பிடித்துத் தப்பினாள். அப்பா, அம்மா, தம்பி மூவரையும் வெள்ளம் கொண்டுபோனது. அத்தை அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். நல்லவள்தான். ஆனால் வந்தவர்கள் எல்லாரும் "என்னடி ஆச்சு, சொல்லு" என்று கேட்கக் கேட்க, காத்தாயிக்கு வாயே அடைத்துப்போனது. சோற்றைப் பிசைவாள், உண்ண மாட்டாள்.

செம்போத்துக்கு மனசு கேட்கவில்லை. தினமும் வந்து அவளுக்கு நாலு முழம் தள்ளி உட்கார்ந்தது. எதுவும் கேட்கவில்லை. நத்தையை உடைத்துத் தின்றது, இறகைக் கோதியது, பொழுது சாய்ந்ததும் போனது. பதினாறாம் நாள் காத்தாயி அதற்கு ஒரு பிடி சோறு வைத்தாள். தானும் ஒரு வாய் உண்டாள். இன்னும் சில நாளில் பேசினாள்.

"தம்பி கை என் கையிலதான் இருந்துச்சு. ரொம்ப வலிச்சுது. விட்டுட்டேன்."

செம்போத்து ஒரு முழம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தது.

"அத்தைகிட்ட சொல்லிடாத."

"சொல்ல மாட்டேன்."

மறுநாள் வாசலில் அத்தை அழுதுகொண்டிருந்தாள். "பிள்ள ஊமையாவே போயிடுவாளோ?"

செம்போத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "பேசிட்டாம்மா! எங்கிட்ட பேசிட்டா!"

"என்ன பேசினா?"

சொல்லிவிட்டது. தெரு முழுக்கக் கேட்டது.

அத்தை உள்ளே ஓடினாள். பிள்ளையை அணைத்துக்கொள்ளத்தான் ஓடினாள். வாயில் வந்தது வேறு.

"கைய விட்டுட்டியாடி?"

காத்தாயி அத்தையைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற செம்போத்தைத்தான் பார்த்தாள். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். பிறகு வளர்ந்தாள், நாற்று நட்டாள், கல்யாணம் ஆனது, கிழவியும் ஆனாள். ஒரு சொல் பேசவில்லை.

செம்போத்து அந்த வாசலில் மாதக்கணக்கில் மன்னிப்புக் கேட்டது. அழுதழுது கண் சிவந்தது. இந்த வாய் இனி எதையும் சொல்லக் கூடாது என்று, தெரிந்த சொற்களையெல்லாம் விழுங்கிவிட்டு வேலிப் புதருக்குள் இறங்கியது.

அன்று முதல்தான் செம்போத்து சிவந்த கண்ணோடு புதருக்குள்ளேயே நடக்கிறது. யாரோ சொல்வதைக் கேட்பதுபோல அடித்தொண்டையில் "ஊம், ஊம்" என்கிறது. அதனிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை.