கொசுவத்துக்குப் பொருள்

சிங்காசனத்துக்கு ஏறும் ஏழு படிகளில் மூன்றாவது படியில் மாறவேள் மன்னர் வேட்டி தடுக்கி முகங்குப்புற விழுந்தார். கிரீடம் உருண்டு அயல்நாட்டுத் தூதரின் காலடியில் போய் நின்றது. தூதர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டைத்தான் மன்னரால் பொறுக்க முடியவில்லை.

எந்தக் காலம், எந்த நாடு என்று கேட்டால் எனக்கும் தெரியாது. மலைக்கு இந்தப் பக்கம் அப்படி ஒரு ராஜா இருந்தார். கோபம் வந்தால் தண்டனையை முதலில் சொல்லிவிட்டு, குற்றம் என்னவென்று பிறகு விசாரிப்பார். அவ்வளவுதான் தெரியும்.

வேட்டிக்குக் கொசுவம் வைத்தவன் யார் என்று கேட்டார். சொரிமுத்துவை இழுத்து வந்தார்கள். மன்னரின் வேட்டிகளுக்குக் கஞ்சி போட்டு, ஈரம் காயுமுன் விரலால் கொசுவி வைப்பது இருபது வருஷமாக அவன் வேலை. அவனுடைய கட்டை விரல் இரண்டையும் நாளைக் காலை எடுத்துவிடும்படி உத்தரவாயிற்று. கட்டை விரல் இல்லாதவன் ஒரு முழத் துணியைக்கூடக் கொசுவ முடியாது.

ஆடை அலங்காரத்துக்கு அதிகாரியான தெய்வச்சிலையார் பக்கத்தில் நின்று மன்னரின் வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். விசேஷ நாட்களில் மன்னருக்கு வேட்டி கட்டிவிடுவது அவர் உரிமை. அமைச்சர் அம்பலவாணர் அவர் பார்வை போன இடத்தைக் கவனித்தார். மன்னர் உடை மாற்றியதும் அந்த வேட்டியை வாங்கி மூலையில் கொண்டுபோய் விரித்துப் பார்த்துவிட்டு, மறுபடி சுருட்டி வைத்துக்கொண்டார்.

மறுநாள் சபையில் அமைச்சர் ஒரு சின்னச் சிக்கல் இருப்பதாகச் சொன்னார். தண்டனையை ஓலையில் எழுத வேண்டும். கொசுவம் தப்பு என்று எழுதினால், சரியான கொசுவம் எது என்று பின்னால் வருபவர்கள் கேட்பார்கள். மன்னருக்குச் சொல்லாராய்ச்சி என்றால் கோபம்கூட ஆறிவிடும். கொசுவம் என்றால் என்ன என்று தெய்வச்சிலையாரைக் கேட்டார்.

"ஒன்றன்மேல் ஒன்று அமைந்து, எள்ளளவும் குலையாமல் நிற்பதே கொசுவம், மன்னா. கோயில் சிலைகளின் இடையில் பாருங்கள். ஆயிரம் வருஷமாக ஒரு மடிப்பு அசைந்திருக்கிறதா?"

சபை தலையாட்டியது. இப்படிப்பட்ட விளக்கத்துக்கு மன்னர் நேற்று உடுத்திய வேட்டியையே பரிசாகக் கொடுக்கலாம் என்றார் அமைச்சர்; அதைக் கட்டிக்கொண்டு ஏழு படியும் ஏறி வந்து மன்னர் கையால் மாலை வாங்கிக்கொள்ளட்டும். மன்னர் உடுத்தியதை மறுத்தால் அது அவமதிப்பு. தெய்வச்சிலையார் அதைக் கட்டிக்கொண்டு வந்தார்.

முதல் படிக்குக் கால் பாதிதான் எழும்பியது; எப்படியோ ஏறினார். இரண்டாவதுக்கு, வேறு வழியில்லாமல், இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தார். சபை சிரித்தது. மூன்றாவதைப் பார்த்தபடி அங்கேயே நின்றுவிட்டார்.

"ஏறி வாரும் ஓய்," என்றார் மன்னர்.

"முடியவில்லை மன்னா. கொசுவத்தைச் சேர்த்துத் தைத்திருக்கிறது."

துணியின் நிறத்திலேயே பட்டு நூல். எல்லாரும் சொரிமுத்துவின் கைவேலையைப் புகழ்வதைக் கேட்டுக் கேட்டு, மன்னரைச் சிலை போலவே நிறுத்திக் காட்டத் தானும் ஏதாவது செய்யவேண்டும் என்று தூதர் வருவதற்கு முந்தின நாள் தெய்வச்சிலையார்தான் உட்கார்ந்து தைத்தாராம். விழுவார் என்று நினைக்கவில்லையாம். விழுந்த பிறகு சொல்ல வாய் வரவில்லையாம்.

மன்னர் சொரிமுத்துவைப் பார்த்தார். "நீ சொல். கொசுவம் என்றால் என்ன?"

"எனக்குப் பொருளெல்லாம் தெரியாது மகாராசா. மடிக்கிறது பெட்டிக்கு. கொசுவுறது காலுக்கு. நடந்தா விரியணும், நின்னா தானா கூடிக்கணும். மகாராசா வேகமா நடப்பீங்க, அதனால ரெண்டு கொசுவம் அதிகமாவே வைப்பேன்."

தன் நடையை இருபது வருஷமாக ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தது மன்னருக்கு அன்றுதான் தெரிந்தது. பிறகு, தண்டனை எழுத எடுத்து வைத்திருந்த ஓலையைக் கிழிக்கச் சொன்னார். மாலையை அமைச்சருக்கும், கைவிரலில் இருந்த மோதிரத்தைச் சொரிமுத்துவுக்கும் கொடுத்தார். ஆடை அதிகாரமும் இனி சொரிமுத்துவுடையது என்றார். தெய்வச்சிலையார் எப்படி ஏறினாரோ அப்படியே இறங்கிப் போகட்டும். அதற்குமேல் தண்டனை வேண்டாம்.

சபை மறுபடி சிரித்தது. பிறகு மன்னர் எழுந்தார், எல்லாரும் அவர் பின்னால் சாப்பாட்டுக்குக் கிளம்பினார்கள். இரண்டாவது படியில் தெய்வச்சிலையார் குனிந்து தன் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். சொரிமுத்து கீழ்ப்படியில் உட்கார்ந்து, கொசுவத்தை விரலால் பிடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தான்.