மெதுவாக விழவும்

தணிகாசலம் முதலாளிக்கு எதற்கெடுத்தாலும் ஒரு போர்டு மாட்டியாக வேண்டும். 'துப்பாதே', 'உட்காராதே', 'சிரிக்காதே' என்று கட்டுகிற கட்டடம் முழுக்கப் போர்டுதான்.

"பாதுகாப்பு வலையை உசரத்துல கட்டினா பார்க்க அசிங்கமா இருக்கு. முதல் மாடியிலேயே கட்டு" என்றார், வலை கட்டும் செவத்தியிடம்.

அவள் புருஷன் முனியாண்டி ஒன்பதாம் மாடிச் சாரத்தில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். போர்டு எழுதுவதும் அவன்தான்.

"கட்டிடறேன் முதலாளி" என்றாள் செவத்தி. "ஆனா விழ விழ வேகம் ஏறும். அவ்வளவு வேகத்தை வலை தாங்காது. 'மெதுவாக விழவும்'னு ஒரு போர்டு மாட்டிட்டா போதும்."

போர்டு என்றதும் முதலாளிக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "டேய் முனியாண்டி! 'மெதுவாக விழவும்'னு உடனே எழுதுடா!"

"எழுத்து பெருசா இருக்கட்டுமா முதலாளி? விழறவன் போற போக்குல படிக்கணுமே!"

சாரம் முழுக்கச் சிரிப்பு. 'சிரிக்காதே' போர்டுக்கு அடியில் நின்ற வாட்ச்மேன்கூடச் சிரித்துவிட்டார். முதலாளிக்கு அப்போதுதான் உறைத்தது.

"எங்க வேணுமோ அங்க கட்டித் தொலை!"

முனியாண்டியின் காலுக்கு ஒரு மாடி கீழே வலை ஏறியது. செவத்தி ஒவ்வொரு முடிச்சையும் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தாள்.

"போதும் புள்ள, நான் விழ மாட்டேன்."

"தெரியும் மாமா" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு முடிச்சுப் போட்டாள்.