கத்ரீனாவுக்கு அடிச்ச மணி

காலை எம்மேல போடாத மக்ளே, கனக்குது. தள்ளிப் படு. இன்னும் கொஞ்சம். ம், அப்படி.

என்னத்துக்கு இன்னைக்குக் கோயில்ல நாள் பூரா மணி நிறுத்தி நிறுத்தி அடிச்சாவன்னா கேக்க? டெல்லியில ஒரு பெரியவரு செத்துப்போனாராம். நாட்டுக்கே துக்கமாம். கொடிய பாதிக்கு இறக்கிக் கட்டியாச்சு, உனக்கு ஸ்கூல் லீவு விட்டாச்சு. நீ பாட்டுக்கு முத்தத்துல ஆடிட்டு இருந்த, பெரியம்மா பாக்கலைன்னு நினைச்சியா? சரி சரி, மூஞ்சியத் தூக்காத. மணிக்கதை ஒண்ணு சொல்லுதேன். ஆனா "ம்" போடணும், கேட்டியா? "ம்" நின்னா கதையும் நின்னுரும்.

ஒரு ஊர்ல ஒரு மணி இருந்துது. ராஜா, ராணி எல்லாம் அப்புறமாத்தான் வருவாவ, முதல்ல மணி. கடலுக்குப் பக்கத்துல மாதா கோயிலு, கோயிலுக்கு மேல மணிக்கூண்டு, அதுக்குள்ள அண்டா தண்டிக்குப் பெரிசா அது தொங்கிட்டுக் கிடக்கும். கயித்தப் பிடிச்சு ஒரு இழு இழுத்தா, "டாங்ங்ங்"னு கண்ணுக்கெட்டாத தூரத்துல வலை போட்டுட்டு நிக்குத வள்ளத்துக்கும் கேக்கும்.

கல்யாணம்னா "டிங்டாங் டிங்டாங்"னு துள்ளிட்டு அடிக்கும். யாராவது செத்துட்டா துக்க மணி. அதுல ஒரு வழக்கம் உண்டு, நல்லாக் கேட்டுக்கோ, இல்லைன்னா பின்னால என் உயிர எடுப்ப. செத்தது ஆம்பளைன்னா மூணு மூணா அடிப்பாவ. "டாங்... டாங்... டாங்..." கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் மூணு. பொம்பளைன்னா ரெண்டு ரெண்டா. "டாங்... டாங்..." நிறுத்தி, மறுபடியும் ரெண்டு. நமக்கு மட்டும் ஏன் ஒண்ணு கொறச்சல்னு கேக்காத. நானும் சின்னப் பிள்ளையில எங்கம்மாகிட்ட சண்டை போட்டேன், பதிலே வரலை. கடல்ல நிக்குதவங்க அந்த மணியக் கேட்டா வலையச் சுருட்டிட்டுக் கரைக்கு வந்துரணும். சொந்தக்காரங்க குழிக்கு ஒரு கைப்பிடி மண்ணு போடாம இருந்துட்டா, அத விடப் பெரிய குறை அந்த ஊர்ல கிடையாது. "ம்" எங்க? ஆங்.

அப்போ அந்த ஊர்ல பிலோமின்னு ஒரு பெண்ணு. நல்ல பிள்ளதான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அவளுக்கு அம்மா கத்ரீனா, அப்பா லாசரு, வேற நாதி கிடையாது. புருஷனும் பொண்டாட்டியும் விடிஞ்சா சண்டைதான். "கஞ்சில உப்பு இல்ல"ன்னு அவரு சொல்லுவாரு. "கடல்லதான போறீரு, அள்ளி ஊத்திக் குடியும்"னு இவ சொல்லுவா. ஆனா அவரு வள்ளத்த தள்ளும்போது கத்ரீனா கரையில வந்து நிக்காத நாளே கிடையாது.

அப்புறம் ஒருநாள் அந்த நாட்டு ராஜா செத்துப்போனாரு. உடனே தண்டோரா. டமடம டமடம டம்! "ராஜாவ அடக்கம் பண்ணுத வரைக்கும் எல்லாக் கோயில்லயும் விடிஞ்சதுல இருந்து பொழுது அடையுத வரைக்கும் ராஜாவுக்குத்தான் மணி அடிக்கணும். வேற யாருக்கும் எதுக்கும் அடிக்கக் கூடாது. மீறி அடிச்சா மணியக் கழட்டி அரண்மனைக்குக் கொண்டுபோய் உருக்கிருவோம்!" டமடம டமடம டம்! சொன்னதோட விடல, ஊருக்கு ஒரு சேவகனையும் காவலுக்கு அனுப்பிட்டாவ. நம்ம ஊருக்கு வந்தவன் பெரிய மீசைக்காரன். மலையடிவாரத்துக்காரன், கடலையே அன்னைக்குத்தான் முதமுதல்ல பாக்கான்.

கோயில்ல மணியடிக்க ஒரு வயசானவரு உண்டு, கோயில்பிள்ளைம்பாவ. பாவம், அவரு கயித்தப் பிடிச்சு மூணு மூணா இழுக்காரு, இழுக்காரு, இழுத்துக்கிட்டே இருக்காரு. கடல்ல நின்னவங்க கேட்டாவ. "ராஜாவுக்கு அடிக்காவ"ன்னு சொல்லிட்டு அவங்கபாட்டுக்கு வலை போட்டாவ. பிள்ளைகளுக்குப் பசிக்குமே, என்ன செய்ய?

மறுநாள் மத்தியானம். காலைல லாசருகிட்ட சண்டை போட்டு கஞ்சி குடுத்து அனுப்பின கத்ரீனா, மீன் கழுவிட்டு இருந்தா. "பிலோமி, நெஞ்சு ஒரு மாதிரி வருதுட்டி"ன்னு செவத்துல சாஞ்சு உக்காந்தா. அவ்வளவுதான். கத்ரீனா போயிட்டா.

எட்டி, எட்டி, என்னத்துக்கு இப்படி இறுக்கிப் பிடிக்க? உங்கம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரில நைட் டூட்டி பாத்துட்டு இருக்கா. காலைல நீ கண்ணு முழிக்கும்போது, இன்னும் பல்லு தேய்க்கலியான்னு கத்திக்கிட்டு முன்னால நிப்பா. கதைல தான் மக்ளே இதெல்லாம். சொல்லவா, நிறுத்தவா? ம்.

அப்போ பிலோமி அழுதா அழுதா, அப்படி அழுதா. அப்புறம்தான் அவளுக்கு உறைக்குது, அப்பா கடல்ல இருக்காரே! வெயில் காலம். பொழுது அடையுமுன்னாடி அம்மாவ எடுத்தாகணும். போய்ச் சொல்ல கரையில ஒத்த வள்ளம் இல்ல, எல்லாம் கடல்ல கிடக்கு. மணி அடிச்சாத்தான் அவருக்குத் தெரியும். அடிக்கலைன்னா, அப்பா இருட்டினப்புறம் மீனோட வந்து "கத்ரீனா எங்கட்டி?"ன்னு கேப்பாரு. அவ மண்ணுக்குள்ள இருப்பா. அத நினைச்சதும் பிலோமி எழும்பி ஓடினா.

முதல்ல கோயில்பிள்ளைகிட்ட போனா. "மாமா, எங்கம்மாவுக்குப் பொம்பள மணி அடியும்."

அவரு கண்ணு கலங்கிட்டு. "மக்ளே, உங்கம்மா கையால எத்தன நாள் சாப்பிட்டிருக்கேன். ஆனா மணியக் கழட்டிருவானே. நம்ம பங்குச் சாமியார்கிட்ட கேளு."

அப்புறம் சாமியார்கிட்ட ஓடினா. அவரும் நல்ல மனுஷன்தான், பயந்த சுபாவம். "முழந்தாள் போடு பிள்ள, உங்கம்மாவுக்காக ஜெபம் பண்ணுவோம்"னாரு.

"ஜெபம் மோட்சத்துக்குக் கேக்கும் சாமி. எங்கப்பாவுக்குக் கேக்காதே"ன்னா பிலோமி.

சாமியாரு, "சேவகன்கிட்ட கேட்டுப் பாரு"ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணத் துடைச்சாரு.

அப்புறம் மீசைக்காரன்கிட்ட போனா.

"உங்கம்மா என்ன, ராஜாவா?"ன்னு கேட்டான்.

"எனக்கு ராஜாவ விடப் பெரிசு."

"போ போ போ!" கையில இருந்த தடியத் தரையில தட்டினான், டக், டக், டக்.

ம் சொல்லு. ஆங்.

தென்னை மர நிழலு நீண்டுக்கிட்டே போகுது. பிலோமி கோயில் வாசல்ல நின்னு பாக்கா. கோயில்பிள்ளைக்குக் கை ரெண்டும் கொப்புளிச்சுப்போச்சு, ஒவ்வொரு இழுப்புக்கும் "யம்மா, யம்மா"ங்காரு. அப்போ அவ கிட்ட போனா. மீசைக்காரனுக்குக் கேக்குத மாதிரி சத்தமா, "மாமா, நீரு கொஞ்சம் இரியும். ராஜாவுக்கு நான் அடிக்கேன்"னா.

மீசைக்காரன், "எவரு அடிச்சா எனக்கென்ன, மணி நிக்கக் கூடாது"ன்னுட்டான். கோயில்பிள்ளை அவ மூஞ்சியப் பாத்தாரு. அவருக்கு வெளங்கிட்டு. கயித்த அவ கையில குடுத்துட்டு, வேப்பமரத்துக்கு அடியில போய் உக்காந்துட்டாரு.

பிலோமி இழுத்தா. "டாங்... டாங்... டாங்..." நிறுத்தினா. மீசைக்காரன் தலைய ஆட்டினான். மறுபடியும் இழுத்தா. "டாங்... டாங்..." கயித்தப் பிடிச்சு நிறுத்திட்டா. ஓரக்கண்ணால பாத்தா. மீசைக்காரன் கொட்டாவி விட்டான்! அவன் ஊர்ல துக்க மணி வழக்கமே கிடையாது. மூணு யாருக்கு, ரெண்டு யாருக்குன்னு அவனுக்கு என்ன தெரியும்? அப்புறம் அவ யாரையும் பாக்கல. அழுதுக்கிட்டே இழுத்தா, ரெண்டு, ரெண்டு, ரெண்டு.

அங்க கடல்ல லாசரு துடுப்ப நிறுத்தினாரு. "லே, பேசாதிங்கலே. இது பொம்பள மணி."

எல்லாரும் காதக் குடுத்தாவ. யாருக்கு அடிக்காவன்னு மணி சொல்லாதுல்லா? ஒருத்தன் பொண்டாட்டி நிறைமாசம். ஒருத்தனுக்கு அம்மா காய்ச்சல்ல கிடக்கா. இன்னொருத்தன் காலைல பொண்டாட்டிகிட்ட மூஞ்சி குடுத்துப் பேசாமலே வந்தவன். அவனவனுக்கு அவனவன் பயம். வலைய அப்படியே விட்டுட்டு, எல்லா வள்ளமும் கரையப் பாத்துத் திரும்பிட்டு. சளக் சளக் சளக் சளக்!

கரையில மீசைக்காரன் பாக்கான், கடல் பூரா வள்ளமா வருது. "அடடடா! ராஜா மேல என்ன விசுவாசம்! தொழிலப் போட்டுட்டு ஓடி வாறாவளே!"ன்னு அவனுக்கே கண்ணுல தண்ணி வந்துட்டு. ரெண்டு கையையும் விரிச்சுட்டு மணல்ல போய் நின்னான். வந்தவங்க தபதபதபன்னு அவனத் தாண்டி ஓடிட்டாவ. ஒருத்தன் இடிச்சதுல தலப்பா கீழ விழுந்துட்டு. சிரிக்க? சிரி, சிரி.

ஒவ்வொருத்தனா வீட்டுக்குள்ள பாஞ்சான். அந்தப் பேசாம வந்தவன் போய் வாசல்ல நிக்கான். அவன் பொண்டாட்டி அம்மியில மசால் அரைச்சிட்டு இருக்கா. "நீ இருக்கியாட்டி?"ன்னான். "இல்லாம எங்க போறேன்?"னா. அவ கால்கிட்டயே உக்காந்துட்டான். லாசரு வீட்டு வாசல்ல மட்டும் பொம்பளைக நின்னாவ. அவங்க மூஞ்சியப் பாத்ததும் அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. உள்ள போனாரு. பக்கத்துல உக்காந்தாரு. "எட்டி கத்ரீனா, இன்னைக்குக் கஞ்சில உப்பு சரியாத்தான் இருந்துது"ன்னாரு.

ம். ஆமா மக்ளே. எனக்கும் இந்த இடம் வந்தா கண்ணத் துடைச்சுக்கணும்.

அப்புறம் தன் வீட்டுப் பொம்பளைகளப் பாத்துட்டு வந்த அத்தன பேரும் கத்ரீனா பின்னால போனாவ. லாசரு முதல் மண்ணு போட்டாரு. பிலோமி போட்டா. அப்புறம் ஊரே போட்டுது.

மீசைக்காரன் ஒரு கிழவனப் பிடிச்சு, "என்னய்யா, ராஜாவுக்கு அழ வந்தவங்க குழி மூடுறாங்க?"ன்னான். கிழவன், "ராஜாவுக்கா? இது கத்ரீனாவுக்கு அடிச்ச மணில்லா!"ன்னுட்டான். அவ்வளவுதான், மீசை ரெண்டும் துடிக்குது. மறுநாள் மணியக் கழட்டி மாட்டுவண்டில ஏத்தியாச்சு, பிலோமியையும் ஏத்தியாச்சு. லாசரு வண்டிக்குப் பின்னாலயே நடந்தாரு.

வழி பூரா குண்டும் குழியும். கடக்குமுடக்கு, "டாங்!" மீசைக்காரன் துள்ளி விழுந்தான். வேற மணி அடிக்கக் கூடாதுல்லா! வைக்கோலத் திணிச்சான். கடக்குமுடக்கு, "டாங்!" தலப்பாவ அவுத்துச் சுத்தினான். கடக்குமுடக்கு, "டாங்!" கடைசில மணிக்குள்ளயே தலைய விட்டு, மணியோட நாக்க ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுட்டு அரண்மனைக்குப் போய்ச் சேந்தான்.

அரண்மனையில ராஜாவக் கிடத்தியிருக்கு. பெரிய பெரிய ஆளுக கறுப்பு உடுப்பு போட்டு வரிசையா நிக்காவ. ராணி ஒரு நாற்காலில அசையாம உக்காந்திருக்கா. மீசைக்காரன் நடந்தத எல்லாம் சொன்னான். ராணி கேட்டா, "இந்தப் பெண்ணு மணி அடிச்சதும் என்ன ஆச்சு?"

"கடலுக்குப் போனவன் பூராவும் வலைய விட்டுட்டு ஓடி வந்துட்டான் மகாராணி."

ராணி அந்தக் கறுப்பு உடுப்புக்காரங்களப் பாத்தா. "நாடு பூரா இவருக்கு மணி அடிக்கு. ஆள் அனுப்பிக் கூப்பிடாம ஒருத்தராவது ஓடி வந்தீங்களா?"

ராணி பிலோமியக் கிட்ட கூப்பிட்டா. "உன்னையும் உன் மணியையும் விட்டுருவேன். உங்கம்மாவுக்கு அடிச்ச மாதிரி இவருக்கும் ஒரே ஒரு தடவை அடிச்சுட்டுப் போ."

பிலோமி சொன்னா, "கோவிச்சுக்காதீங்க அம்மா. எனக்கு ராஜாவத் தெரியாது. எங்கம்மாவ எனக்குத் தெரியும், அதான் கை தானா இழுத்துது. இவர உங்களுக்குத்தான் தெரியும். நீங்க இழுங்க."

மந்திரிமாரு எல்லாம் "மகாராணி கயிறு இழுக்கதா!"ன்னு குசுகுசுன்னாவ. ராணி எழும்பிட்டா. முத்தத்துல மணியக் கட்டச் சொல்லி, ரெண்டு கையாலயும் கயித்தப் பிடிச்சா. "டாங்..." அவ உடம்பே ஆடிப்போச்சு. "டாங்..." மூணாவதுக்குக் கை எழும்பல. அதையும் அடிச்சுட்டா அவரு போயிட்டாருன்னு ஆயிரும்ல மக்ளே, அதான். பிலோமி பின்னால போய் நின்னு, ராணி கைக்கு மேல தன் கைய வச்சா. ரெண்டு பேருமா இழுத்தாவ.

"டாங்..."

அப்போதான் ராணி வாய்விட்டு அழுதா, நம்ம தெருப் பொம்பளைக அழுத மாதிரி, அந்தப் பிள்ள தோள்ல சாஞ்சு. "இனிமே யாருக்காகவும் யாரோட மணியையும் நிறுத்தக் கூடாது"ன்னு அழுதுக்கிட்டேதான் சொன்னா. மணிய அதே வண்டில ஏத்தி, பிலோமியும் லாசருவும் ஊருக்குத் திரும்பினாவ.

வள்ளமெல்லாம் கரையேறிட்டு, நம்ம கதையும் ஏறிட்டு. இனி கண்ண மூடு மக்ளே. எங்க, "ம்" காணும்? சரி, சரி, உறங்கு.