இலையைத் தாண்டாதவர்

கீழ்ப்பாறை மடத்தில் குருவுக்கு வயது ஐம்பது, சீடருக்கு அறுபத்திரண்டு. புதிதாக வருகிறவர்கள் நரைத்த தாடியைப் பார்த்துவிட்டுச் சீடரின் காலில்தான் முதலில் விழுவார்கள். சீடர் சிதம்பரநாதன் பதறி விலகிக்கொண்டு, கிணற்றடியைக் காட்டுவார். அங்கே நல்லதம்பி சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார்.

சிதம்பரநாதன் மின்வாரியத்தில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தக் கம்பியில் கரண்ட் இருக்கிறது, எதில் இல்லை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார் என்று பேர் வாங்கியவர். மனிதர்களையும் அப்படியே சொல்லிவிடுவார். அவரிடம் சாமிக்கு இருந்த சங்கடம் அது ஒன்றுதான்.

ஆடி மாதத்தில் ஒரு காலை, மீனாள் என்ற பெண் மடத்துக்கு வந்தாள். தன் அப்பா சோலைமலையைப் பற்றிப் பேச வந்திருந்தாள்.

அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் பந்தி பரிமாறுவதில் சோலைமலையை மிஞ்ச ஆள் கிடையாது. மகன் அழகுபாண்டியும் அவரோடு வாளி தூக்கினவன்தான். போன வருஷம் ஒரு கல்யாண வேலை முடிந்து திரும்பும்போது அவன் பைக் சறுக்கியது. தலையில் பலமான அடி. மூளையில் ரத்தம் கட்டி, ஆபரேஷன் ஆகி, இரண்டு மாதம் நினைவில்லாமல் கிடந்து வீடு வந்து சேர்ந்தான். கண் திறந்திருக்கிறது, ஊட்டினால் விழுங்குகிறான், அவ்வளவுதான். பேச்சில்லை, ஜாடையில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை. வீடு வந்தும் பதினாலு மாதம் ஓடிவிட்டது.

அப்பா வேலைக்கே போவதில்லை, அவருக்கும் சர்க்கரை இருக்கிறது, தம்பியைப் புரட்டிப் புரட்டி இடுப்பு போய்விட்டது என்றாள் மீனாள். திருச்சியில் இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருக்கிறதாம். அப்பா காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறார். சாமி ஒரு வார்த்தை சொன்னால் தட்ட மாட்டார்.

"தம்பிய நெனச்சும் அழுறேன், அப்பாவ நெனச்சும் அழுறேன் சாமி. அவரும் விழுந்துட்டா நான் யாரப் போய்த் தூக்குறது?"

நியாயமான கேள்வி. சாமி யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அவளை அனுப்பினார்.

அவள் போனதும் சிதம்பரநாதன் பக்கத்தில் வந்தார்.

"சொல்லிடுங்க சாமி. அந்தப் பையனுக்கு ஒண்ணும் தெரியல. அப்பாதான் மனச ஏமாத்திக்கிட்டு இருக்காரு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன வாரம் விபூதி குடுக்கப் போனப்ப நேர்லயே பாத்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு சாப்பாட்டு நேரம்."

சாமி பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைக் கழுவினார்.

"நான் சொன்னா அவரு கேட்பாரு. அதான் சொல்லப் பயமா இருக்கு. நீங்க அங்க போயி ஒரு மண்டலம் ஒத்தாசையா இருங்க. நாப்பத்தெட்டாம் நாள் வந்து நீங்க என்ன சொல்றீங்களோ, அத அப்படியே நான் அவர்கிட்ட சொல்லிடுறேன்."

"இப்பவே சொல்றேனே சாமி."

"நாப்பத்தெட்டாம் நாள் சொல்லுங்க."

சிதம்பரநாதன் மறுநாளே துணிப்பையோடு சோலைமலை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். சும்மா சொல்லக் கூடாது, வேலைக்கு அவர் அஞ்சினவர் இல்லை. அழகுபாண்டியைத் தூக்கி உட்கார வைத்தார், முதுகில் புண் வராமல் திருப்பிப் படுக்க வைத்தார், கை காலுக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிட்டார். எல்லாம் கச்சிதமாக நடந்தது. மத்தியானச் சாப்பாடு வந்தால்தான் அவருக்குப் பொறுமை போய்விடும்.

பந்திக்கு முந்து என்று சொல்லிவைத்தவர்கள் சோலைமலை வீட்டில் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். அங்கே பந்தி என்பது ஒரே ஓர் இலை. மகனைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்து, முன்னால் பலகை போட்டு, தலைவாழை இலை விரிப்பார். வலது கை அவனுக்கு விழுந்துபோயிருந்தது. இடது கையை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைப்பார். பிறகு வாளியும் கரண்டியுமாக இலைக்கு எதிரே குனிந்து நிற்பார்.

"கூட்டு வைக்கட்டுங்களா?"

நிற்பார். மகனின் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்ப்பார். எதுவும் அசையாது. இரண்டு நிமிஷம் கழித்து, "சரிங்க, கொஞ்சமா வைக்கிறேன்" என்று ஒரு கரண்டி வைப்பார். அதைக் குழைத்து ஊட்டி முடித்ததும் மறுபடி எழுந்து நிற்பார்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா?"

இப்படி ஒரு சாப்பாடு முடிய இரண்டு மணி நேரம். சிதம்பரநாதன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

மூன்றாம் நாள் அவரால் அடக்க முடியவில்லை. பெற்ற மகனை எதற்கு வாங்க போங்க என்று கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.

"மத்த நேரம் அழகுன்னுதான் கூப்பிடுறேன் சார். இலையில உக்காந்துட்டா பெத்த புள்ளையும் விருந்தாளிதான்."

"சரி, கேட்டுட்டு வைக்க வேண்டியதுதானே. எதுக்கு நிக்கிறீங்க?"

"வாளி தூக்குறவனுக்கு ஒரே சட்டந்தான் சார். பதில் வாங்காம இலையத் தாண்டக் கூடாது. போதும்னு வாய் சொல்லணும், இல்லன்னா கை மறிக்கணும். நாமளா முடிவு பண்ணி வச்சுட்டுப் போனா அது பரிமாறுறது இல்ல, கொட்டுறது."

"பதிலே வராட்டி?"

"நிக்கணும்."

"எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

சோலைமலை கரண்டியைத் துடைத்தபடி யோசித்தார். "கல்யாணத்துல யாரும் நம்மள நிக்க விட்டதில்ல சார். இங்கதான் நிக்கப் பழகிக்கிட்டு இருக்கேன்."

அந்த மனிதரை என்னவென்று சொல்வது. ஆயிரம் பேர் உட்காரும் மண்டபத்தில் ஓடி ஓடிப் பரிமாறின கால், ஒற்றை இலைக்கு முன்னால் அசையாமல் நின்றது. கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் முகத்தில்கூட அப்படியொரு மரியாதையைப் பார்க்க முடியாது.

கல்லால் செய்த மனிதர் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஒரு நாள் கூட்டுக்கும் ரசத்துக்கும் நடுவே கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். வெகுநேரம் வரவில்லை. சிதம்பரநாதன் எட்டிப் பார்த்தார். சோலைமலை துவைக்கும் கல்லில் உட்கார்ந்து துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

முகம் கழுவிக்கொண்டு திரும்பினவரிடம் சிதம்பரநாதன் மெதுவாகக் கேட்டார்.

"உண்மையிலேயே நம்பிக்கை இருக்கா உங்களுக்கு?"

"சில நாள் இருக்கு சார். சில நாள் இல்ல. இல்லாத அன்னைக்கும் அவனுக்குப் பசிக்குமே."

சொல்லிவிட்டு ரச வாளியை எடுத்துக்கொண்டு போய் மகன் முன்னால் குனிந்தார்.

நாட்கள் போயின. சோலைமலைக்கு ஓய்வு கொடுக்க நினைத்துச் சிதம்பரநாதனும் சில வேளை பரிமாறினார். கேள்வியைக் கேட்பார், நிற்பார். முதல் வாரம் இரண்டு நிமிஷம் நின்றார். பிறகு ஒரு நிமிஷம். முப்பது நாள் தாண்டியதும் வாய் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கை ஊற்றிவிடும். சோலைமலை பார்த்தால் மட்டும் கொஞ்சம் நிற்பார். சாமியிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதில் அவருக்குக் கடுகளவும் சந்தேகமில்லை.

நாற்பத்தைந்தாம் நாள் சோலைமலை மருந்து வாங்கப் போயிருந்தார். போகும்முன் இலை போட்டு, சோறும் கூட்டும் வைத்து, மகனின் கையை இடத்தில் வைத்துவிட்டுத்தான் போனார். சிதம்பரநாதன் கூட்டுச் சோற்றை ஊட்டி முடித்தார். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய ரசத்தைக் கரண்டியில் மொண்டார்.

"ரசம் ஊத்தட்டுங்களா?"

கேட்டார், ஊற்றினார். கண் கடிகாரத்தில் இருந்தது.

அழகுபாண்டியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிதம்பரநாதன் திரும்பிப் பார்த்தார். ரசம் சோற்றில் விழவில்லை. இலையின் நடுவில் அவன் கை இருந்தது. அந்தக் கையின் மேல் ஆவி பறந்துகொண்டிருந்தது.

கரண்டியை எறிந்துவிட்டு அவர் தண்ணீருக்கு ஓடினார். அந்த நேரத்தில்தான் சோலைமலை உள்ளே வந்தார். மகனின் கையை அண்டாத் தண்ணீரில் முக்கிப் பிடித்துக்கொண்டு என்ன ஆயிற்று என்று கேட்டார். பார்க்காமல் ஊற்றிவிட்டேன் என்றார் சிதம்பரநாதன்.

சோலைமலை தண்ணீரிலிருந்து கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் ஒன்றுமில்லை. புறங்கை மட்டும் சிவந்து கன்றியிருந்தது.

"கை எங்க சார் இருந்துச்சு?"

"இலை மேல."

"நான் பக்கத்துலதான வச்சுட்டுப் போனேன்."

"ஆமா."

"விரல் எப்படி இருந்துச்சு?"

சிதம்பரநாதன் தன் கையை நீட்டிக் காட்டினார். உள்ளங்கை கீழே பார்க்க, ஐந்து விரலும் விரிந்து, இலையை மறித்தபடி.

சோலைமலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக ஊற்றியது, துடைக்கவே தோன்றவில்லை. ஏன் பார்க்காமல் ஊற்றினீர்கள் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகனின் முகத்துக்கு நேரே குனிந்து, கல்யாண மண்டபத்தில் பேசுகிற அதே குரலில் பேசினார்.

"மன்னிச்சுக்கங்க. சார் பந்திக்குப் புதுசு."

மகனிடமிருந்து பதில் வரவில்லை. சோலைமலை களிம்பு தடவ எழுந்து போனார்.

சாயங்காலம் மீனாள் வந்தாள். கொப்புளத்தைப் பார்த்துப் பதறினாள். அப்பா சொல்லச் சொல்ல, நின்றபடியே கேட்டாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மோர்ச் சொம்பை எடுத்து, தம்பிக்கு எதிரே குனிந்தாள்.

"மோர் ஊத்தட்டுங்களா?"

வெகுநேரம் நின்றாள். கை அசையவில்லை. மறுநாள் சோலைமலை கேட்டபோதும் அசையவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஆனாலும் மீனாள் திருச்சிப் பேச்சை எடுக்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் நான் வந்து நிற்கிறேன், நீங்கள் அந்த நேரம் படுத்து எழுந்திருங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

நாற்பத்தெட்டாம் நாள் சிதம்பரநாதன் மடத்துக்கு நடந்து வந்தார். சாமி வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்க. நான் அவர்கிட்ட என்ன சொல்லணும்?"

சிதம்பரநாதன் ஒன்றையும் மறைக்கவில்லை. நிமிஷம் குறைந்துகொண்டே வந்ததைச் சொன்னார், கடிகாரத்தைப் பார்த்ததைச் சொன்னார், புறங்கையைச் சொன்னார்.

"எங்கயும் அனுப்ப வேண்டாம்னு சொல்லுங்க சாமி. நானும் அங்கயே இருந்துடுறேன்னு சொல்லுங்க. அவரு ஒத்துக்கிட்டா."

"சொல்றேன்."

சிதம்பரநாதன் எழுந்தார். போகாமல் நின்றார்.

"ஒண்ணு மட்டும் வெளங்கல சாமி. நாலு நாள் இல்ல, பதினஞ்சு மாசம். ஒரு விரல்கூட அசையாத புள்ளகிட்ட ஒவ்வொரு கரண்டிக்கும் கேட்டுட்டு நின்னாரே, அவன் பதில் சொல்லுவான்னு அவருக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"அவருக்குத் தெரியாது" என்றார் சாமி. "அந்த வீட்டுல தெரியும்னு இருந்தவர் நீங்க ஒருத்தர்தான்."